ஒற்றை நட்சத்திரம்

அண்ணா,

இன்று அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பெண் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் மவுஸை நகர்த்தி, பிடித்த அளவுக்கு நட்சத்திரம் போட்டாள். மூன்று, நான்கு, ஒன்றுக்கு ஐந்து. ஒரு பாட்டுக்கு முகம் சுளித்து ஒன்று போட்டாள். அவளுக்கு அது ஒரு நொடி வேலை. எனக்குக் காது சுட்டது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

உங்களிடம் சொல்லவேண்டியதை நான் ஒருமுறையும் சரியாகச் சொன்னதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தக் குளிர் நாட்டில், ஹவுகன்ஸ்டுவாவில் உங்கள் வீட்டு அறைக்கு நான் வாடகைக்கு வந்தபோது, திருச்சியிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெட்டிகளும் ஒரு கணினியும் என்னிடம் இருந்தன. கணினியை உங்கள் வரவேற்பறையில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். ஒலிபெருக்கி வாங்கி இணைத்தேன். நீங்கள் பஸ் ஓட்டப் போய்விட்டு மத்தியானம் திரும்புவீர்கள். பாட்டைப் போட்டுவிட்டுச் சமைப்பீர்கள். முதல் வாரம் நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் என்னை “நீர்” என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜா வேடம் போட்டவர்கள் பேசுவதாகத்தான் எங்கள் ஊரில் கேட்டிருக்கிறேன். பிறகு அதுவே பழகி, “ஐசே” என்று நீங்கள் கூப்பிடாத நாள் வெறுமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஒரு கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். உங்கள் அக்காவின் கலியாண வீட்டில் உங்கள் தம்பி பாடியது. கலியாணம் முடிந்து இரண்டு வருடத்தில் அவர் சைக்கிளில் வெளியே போனார், திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று உங்கள் வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. நான் அந்தப் பாட்டைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். ஜெனரேட்டர் இரைச்சல், நடுவே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், சரணத்தில் சற்றே விலகும் சுருதி. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டீர்கள்.

எப்போது வேண்டுமானாலும் இதைத் தேடிப் போடலாம் என்று காட்டிக் கொடுத்தேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். “அவனை நாங்கள் போய் இழுத்துக்கொண்டு வரக் கூடாது ஐசே. அவனா நினைச்சு வரவேணும்.”

இரண்டாயிரம் பாட்டுகளுக்கு நடுவே அதையும் போட்டு, கலைத்துப் போடும் பொத்தானை அழுத்தினேன். எல்லாப் பாட்டுக்கும் ஒரே வாய்ப்பு, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல்தான் என்று விளக்கினேன். மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ உங்கள் தம்பி வருவார். நீங்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்காருவீர்கள். முடிந்ததும் “வந்திட்டுப் போறான்” என்பீர்கள். அன்று கறிக்குக் கொஞ்சம் உப்புக் கூடிவிடும்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. என் அலுவலக நண்பர்கள் நான்கு பேர், எல்லாரும் என் ஊர்ப் பக்கத்துக்காரர்கள், சாப்பிட வந்திருந்தார்கள். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மீன்குழம்பும் நீங்கள்தான் காலையிலிருந்து நின்று செய்தீர்கள். நீங்கள் குசினியில் அடுப்போடு இருந்தபோது அந்தப் பாட்டு வந்தது. ஒருவன் சிரித்து, எந்த ஊர் மைக் செட் இது என்று கேட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். ஏதோ பழைய டேப், தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லி அடுத்த பாட்டுக்குத் தாண்டினேன். நீங்கள் கறிச்சட்டியோடு வாசலில் நின்றீர்கள். எதுவும் காதில் விழாததுபோல் பரிமாறினீர்கள். கேட்கவில்லை என்று நானும் நம்பிக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

அவர்கள் போனபின் அந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். ‘அதிக நட்சத்திரம் பெற்றவற்றை அடிக்கடி ஒலிக்கவும்’ என்று அந்த மென்பொருளில் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் சரி போட்டேன். மற்ற பாட்டுகளுக்கு முன்பே மூன்று நான்கு என்று போட்டிருந்ததால், ஒற்றை நட்சத்திரப் பாட்டு இனி வராது என்றே சொல்லலாம். அழிக்கவில்லையே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். உங்கள் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் கையால் தின்றுவிட்டு, உங்கள் தம்பிக்கு வாசலை அடைத்தவன் நான்.

இலையுதிர்காலம் போய்ப் பனியும் கொட்டிவிட்டது. ஒரு நாள் வெங்காயம் அரிந்துகொண்டே, “இப்ப கொஞ்ச நாளா அவன் வாறேல்லை” என்றீர்கள். குறை சொல்லும் குரலே இல்லை. ஊரில் ஏதும் நடந்திருக்குமோ என்று யோசிப்பவர் குரல். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கெட்டிக்காரன் அல்லவா? நீங்கள் வேலைக்குப் போனதும் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வாரத்துக்கு மூன்று நான்கு முறை வந்தார். “பாத்தீங்களாண்ணா, வந்துட்டார்” என்று நானே குதூகலித்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் அடுப்பைக் குறைக்கவில்லை. உட்காரவுமில்லை. சில நாள் பாதியில் எழுந்து, குப்பையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போனீர்கள். துக்கம் தாங்காமல் போகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த அளவுக்குத்தான் என் புத்தி.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, எல்லாப் பாட்டையும் ஒரு சின்னப் பாட்டுப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். வயரின் ஒரு முனை உங்கள் காதில், மறுமுனை என் காதில். இரண்டாவது பாட்டாகவே அவர் வந்தார். நீங்கள் வயரைக் காதிலிருந்து எடுத்தீர்கள். பஸ் ஓட்டும்போது கண்ணாடியில் ஆட்களைப் பார்ப்பீர்களே, அப்படி நிதானமாக என்னைப் பார்த்தீர்கள்.

“ஒண்டு போட்டீர், அதுக்கு எனக்குக் கோவமில்லை. அது உம்மடை காது, உம்மடை விருப்பம். பிறகு அஞ்சு போட்டீர் பாரும், அதுதான் ஐசே. அதுக்குப் பிறகு வந்தது அவனில்லை. நீர்.”

மத்தியானங்களில் தனியே இருந்தபோது திரையில் பார்த்திருக்கிறீர்கள். முதலில் ஒன்று, பிறகு ஐந்து. மாற்றி வைக்க உங்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் பெட்டியில் கை வைப்பது உங்கள் பழக்கம் இல்லை. அத்தனை மாதமும் அறிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டீர்கள்.

எல்லா நட்சத்திரத்தையும் அழித்துவிட்டுப் பாட்டைப் போடச் சொன்னீர்கள். அழித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. பார்வையாளர் நேரம் முடியும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் வரவில்லை. “பறவாயில்லை, இனித்தான் சரி” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். அடுத்த வாரம் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது பக்கத்திலேயே, குரோருட்டில் தனியாக இருக்கிறேன். எந்தப் பாட்டுக்கும் நட்சத்திரம் போடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் இரைச்சல் கேட்டது. யாரும் கூப்பிடாமல், யாரும் வழி அடைக்காமல், அவராகவே வந்தார். உங்களைத் தேடித்தான் வந்திருப்பார். அண்ணன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் துணியோடு எழுந்து நின்றேன். பாடி முடித்துப் போகும்வரை உட்காரவில்லை.