காற்றுக்கு எடுத்த அளவு

அன்பு மகளுக்கு,

நேற்று கடையில் என் மானம் போனது. மதிய வெயில் உள்ளே சாய்ந்திருந்தது. மாட்டியிருந்த சட்டைகள் காற்றில் மெல்லக் கையசைத்தன. யாருமில்லை என்று நினைத்து, டேப்பைப் பிடித்து வெறும் காற்றுக்கு அளவெடுத்தேன். "நேரா நில்லுப்பா" என்று அதட்டவும் செய்தேன். திரும்பினால், பேண்ட்டைச் சுருக்கக் கொண்டுவந்த வாத்தியார் நிற்கிறார்!

"யாருக்கு மாஸ்டர் அளவு?"

"ரொம்ப ஒல்லியான ஆளு சார், கண்ணுக்குத் தெரியமாட்டார்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

யாருக்கென்று உனக்குத் தெரியும். ஏழு வயதில் இறந்துபோன உன் தம்பி எங்கேயோ வளர்ந்துகொண்டிருக்கிறான் என்று உன் அம்மா நம்புகிறாள். பிறந்தநாள்தோறும் ஒரு சட்டை தைக்கச் சொல்வாள். வருகிற வியாழக்கிழமை அவனுக்குப் பதினெட்டு. "இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு என்னப்பா மரியாதை? நீங்கதான் அம்மாவைக் கெடுக்கறீங்க" என்று போன வருஷம் கத்திவிட்டுப் போனாய். அதோடு நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. எட்டாவதோடு நின்றவன் டாக்டரான உன்னிடம் என்ன வாதாடுவது? நீ சொன்னது சரியாகவே இருக்கலாம். அவன் வளர்கிறான் என்று நானும் நம்பியதில்லை. இத்தனை வருஷமும் குத்துமதிப்பாகத்தான் வெட்டினேன்.

"அவ வருவாளா? வந்தா சிரிக்காம இருப்பாளா?" என்று உன் அம்மா நேற்றுக் காலை கேட்டாள்.

நீ நம்ப வேண்டாம். வந்து பொத்தான் மட்டும் தைத்துக் கொடு. தையல் போட்டுப் பழகிய கைதானே!

வாத்தியாரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. தோளளவு எடுக்க நேற்று நான் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. உன் தம்பி என்னைவிட வளர்ந்துவிட்டான்.

உன் அப்பா