துரை வண்டி ஏலம்

செப். 7, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். எண்ணூர்ப் பக்கம் மட்டும் கருமேகம், இங்கே ஒரு சொட்டு இல்லை. ஞாயிறு மீன் ஏலம் என்றால் கேட்கவே வேண்டாம், துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. சங்கரா மீனுக்கு நல்ல விலை. ஏலம் விட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

ஏலம் முடித்து, குளித்து, விம்கோ நகர், குமார் வீடு. கொண்டு போனது: சங்கரா, கொஞ்சம் இறால், பிரேக் ஆயில், துடைக்கப் பழைய பனியன்.

குமார் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம். லேத்துப் பட்டறைக்காரன், என் ஒரே தோஸ்து. அவன் வீட்டு ஷெட்டில்தான் நாங்கள் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய கார் நிற்கிறது. இங்கிலாந்து வண்டி. கூரை கிடையாது, இரண்டே சீட்டு. ராயபுரத்தில் பழைய கிடங்கு ஒன்றை இடித்தபோது காயலான் விலைக்கு எடுத்தோம். அன்றைக்கு உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தெருவில் அதற்குத் துரை வண்டி என்று பேர். ஞாயிறுதோறும் அதில்தான் வேலை. குமார் போன பிறகும் நான் மட்டும் போய்ச் செய்துகொண்டிருக்கிறேன்.

வண்டி வேலை முடிந்து நாலு மாதம் ஆகிறது. முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது நான்.

இன்று சோறு போடும்போது ராணி (குமார் சம்சாரம்; திவ்யா அவர்கள் பெண்) சொன்னாள். "ண்ணா, திவ்யாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிகீது. வண்டிய வித்துடலாமா? பாதி உன்து. உனுக்கு இஷ்டம் இல்லன்னா வுட்டுடு."

"கார்புரேட்டர் இன்னும் செட்டாவல."

"ஆயிடுச்சாம். திவ்யாவே சத்தத்த வெச்சி சொல்றா."

மாட்டிக்கொண்டேன். சரி என்றேன். இறால் தொக்கில் உப்பு கூட. இருந்தும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

செப். 10, புதன்

பழைய கார் ஏலம் விடுகிற கம்பெனி ஆள் வந்து பார்த்தார். ஷூவைக் கழற்றிவிட்டு அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தே பார்த்தார். நல்ல வேலைக்காரர்தான்.

அடியிலிருந்து குரல்: "என்ன சார் இது, கப்பல் பெயிண்ட்டா?"

ஆமாம். நானும் குமாரும் அடித்தது. இந்தக் கடல் காற்றில் கதவுத் தாழ்ப்பாளே ஒரு மழைக்காலம் தாங்காது. படகுக்கு அடிப்பதை இதற்கும் அடித்தோம், அதுவும் மூன்று கோட்டு. வாங்குகிறவர்கள் அந்தக் காலத்துப் பெயிண்ட்டைத்தான் தேடுவார்களாம். "ஆனா துரு ஒரு புள்ளி இல்ல சார்" என்று சிரித்தார்.

போகும்போது ஒரு விதி சொன்னார். வண்டிக்குச் சொந்தக்காரர் ஏலத்தில் விலை கேட்கக் கூடாது. ஆள் வைத்தும் கேட்கக் கூடாது. "என் வண்டிய நானே கேக்க எனுக்கு இன்னா பைத்தியமா?" என்றேன்.

எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றபடி: "இன்னா ராணி, துரை வண்டி போவுதாமே? அப்ப அண்ணனுக்கு இனிமே ஞாயித்துக்கெயம லீவு."

தமாஷுக்குத்தான் சொன்னாள். ராணி சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. புருஷன் இல்லாத வீட்டுக்கு வாராவாரம் ஒரு ஆம்பளை போய்வர ஒரு காரணம் வேண்டும். என் காரணத்துக்கு நாலு சக்கரம். அது உருண்டு போய்விட்டால் நான் யார் அந்த வீட்டுக்கு?

செப். 12, வெள்ளி

சாயந்திரம் மழை. ரூமில் மின்விசிறி மட்டும் சத்தம். பரோட்டா, பார்சல். சால்னா கசிந்து சட்டையெல்லாம்.

காலையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தொண்டை கிழியக் கத்துகிறேன். பெட்டி பெட்டியாக விலை சொல்கிறேன். ஏலம் முடிந்ததிலிருந்து இதுவரை பேசியது பரோட்டாக் கடைக்காரரிடம் "கட்டிக் குடு" என்று மட்டும். கட்டினவள் அம்மா வீட்டுக்குப் போய் வராமலே இருந்துவிட்டாள், அது பழைய கதை. அது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் எப்படிப் பழகுவது என்றுதான் தெரியவில்லை.

செப். 14, ஞாயிறு

நாளை லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போகிறது. கடைசியாக ஒரு ரவுண்டு. ராணியைக் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வாண்ணா, திவ்யாவ கூட்டினு போ" என்றாள். கண் எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் போய் வந்தது.

எண்ணூர் ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி, புழுதி. ஒரு டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, பாதி வண்டிதான் கீது, மீதி எங்க?" என்றான். திவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அப்படியே குமார்.

திரும்பி வந்து கழுவித் துடைத்தோம். சோறு, வஞ்சிரம் வறுவல், ரசம். சாப்பிட்டுவிட்டு வேலை எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். ராணி டீ கொண்டுவந்து வைத்தாள். நல்லாயிருந்தது.

செப். 20, சனி

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பெரிய ஹோட்டல் ஹால். ஏசி குளிர். ராணி பட்டுப்புடவை, திவ்யா அவள் பக்கத்தில், நான் ஓரம். ஏலம் விடுகிறவர் கோட்டுப் போட்டவர். ஜெபம் படிக்கிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார். நம் துறைமுகத்தில் விட்டால் அவருடைய மீன் நாறிப்போகும்.

துரை வண்டி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பெயிண்ட் அப்படி மின்னியது. திவ்யா "அப்பா" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

போனில் ஒருவர், முன் வரிசையில் கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர். விலை மாறி மாறி ஏறியது. நாங்கள் எதிர்பார்த்ததையும் தாண்டியது. ராணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், தெரியாமல்தான். பிறகு போன் ஆள் விட்டுவிட்டார். மில்காரர் விலையில் நின்றது. ஒரு தரம். இரண்டு தரம்.

நான் கத்திவிட்டேன். அதற்கு மேலே ஒரு விலை. துறைமுகக் குரல், மைக் தேவையில்லை.

ஹாலே திரும்பிப் பார்த்தது. கோட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். யாரோ வந்து அவர் காதில் சொன்னார்கள், இவர்தான் சொந்தக்காரர் என்று. ஏலம் செல்லாது என்றார்கள். மில்காரர் எழுந்து, "என்னங்க நாடகம் இது, விலை ஏத்தி விடறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று வெளியே போய்விட்டார்.

"பழக்க தோஷம் சார்" என்றேன். துறைமுகத்தில் இது சகஜம். விலை நின்றுபோனால் ஏலக்காரனே காற்றிலிருந்து ஒரு விலை எடுத்து விடுவான், வியாபாரி ரோஷத்தில் ஏற்றுவான். எல்லாருக்கும் தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ராணிதான் எழுந்து போனாள். நான் பின்னால் கதவு வரை. வராந்தாவில் மில்காரரிடம் கைகூப்பி: "சார், அவருக்கு மீன் ஏலம் வுட்டு வுட்டு பயக்கம். வாய்ல வந்துடுச்சி. எங்கூட்டுக்காரு உயிரா செஞ்ச வண்டி சார் இது. பொண்ணு படிப்புக்கு விக்கிறோம். நீங்க கடேசியா சொன்ன வெலைக்கே எடுத்துக்கங்க."

பேசிக்கொண்டே இருந்தாள். பட்டுப்புடவையில் ஒரு பொம்பளை கைகூப்பி நிற்கிறாள், என்னால். அவர் கடைசியில் சரி என்றார். கம்பெனிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது திவ்யா தூங்கிவிட்டாள். ராணி வெளியே பார்த்தபடி கேட்டாள்: "ண்ணா, நெஜமாவே வாய்ல வந்துச்சா?"

"ஆமா."

பொய். இத்தனை வருஷத்தில் ஒரு விலைகூட என் வாயில் தானாக வந்ததில்லை. வண்டி போகக் கூடாது என்றுதான் கத்தினேன். அந்தப் பிள்ளையின் படிப்பு போனாலும் போகட்டும், எனக்கு ஞாயிறு வேண்டும் என்று. சீ.

செப். 21, ஞாயிறு

புரட்டாசி பிறந்துவிட்டது, மீன் கேட்க ஆள் இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது ஏலம். குளித்தேன். சட்டை போட்டேன். பைக் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, போக இடமில்லை.

சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். மத்தியானம் பசித்தது. கடைக்குப் போக மனசில்லை. அழுதேன், கொஞ்சம்.

செப். 24, புதன்

ராணி போன். திவ்யா சேர்ந்துவிட்டாளாம். ஹாஸ்டலில் இட்லி கல்லு மாதிரியாம். வண்டி விற்றதில் என் பங்கைப் பாங்கில் போட்டுவிட்டாளாம். நான் "சரி, சரி" என்றேன். "வெச்சிடவா?" என்றாள். "சரி" என்றேன்.

செப். 28, ஞாயிறு

வெயில். போய்விட்டேன், விம்கோ நகர். கையில் நண்டு.

ராணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "இன்னாண்ணா, புரட்டாசி மாசம் நண்ட தூக்கினு வந்துகீற? வூட்ல கவுச்சி இல்லியே." எனக்குத் தெரியாதா என்ன. மீன்காரனுக்குப் புரட்டாசி மறக்குமா. வெறுங்கையோடு வர முடியவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே வா என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலோரம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெட்ட தண்ணி கேன்காரனுக்கு வாடகைக்கு வுட்டுட்டேன்ணா. ஒண்ணாந்தேதி வரான். உன்து எதுனா உள்ள கீதா, பாத்து எடுத்துக்க."

ஷெட்டுக்குள் போனேன். என்னுடையது என்று ஒன்றும் இல்லை. ஸ்பேனர், சுத்தி, லேத்துச் சாமான் எல்லாம் குமாருடையது. நான் கொண்டுவந்தது மீனும் பனியன் துணியும்தான். ராணி வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஜாக்கி" என்றேன். "என்து."

ராணி ஜாக்கியைப் பார்த்தாள். குமார் என்று அதன் மேல் வெல்டிங்கிலேயே எழுதியிருக்கிறது, கோணல் எழுத்தில். என்னைப் பார்த்தாள்.

"பாத்து தூக்குண்ணா" என்றாள். "வெயிட்டு."

பைக்கில் கட்டி எடுத்துவந்தேன். வழியெல்லாம் லொடலொட சத்தம். நண்டை ஐஸ் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். ஜாக்கி கட்டிலுக்கு அடியில்.

அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.