தலைகீழாகப் போய் வந்த ஐஸ் பெட்டி

பெரம்பலூர்,
பார்த்திப வருஷம், மாசி மாதம்.

என் பிரியத்துக்குரிய கமலவேணிக்கு,

அங்கமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடு கன்றுகளும் சுகம். உன் உடம்புக்குப் பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொண்டதா, ஊசியை வேளை தவறாமல் போடுகிறார்களா என்பதுதான் எனக்கு எந்நேரமும் கவலை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஐஸ் பெட்டி மறுபடி குளிர்கிறது. தை பிறந்ததிலிருந்தே குளிர்கிறது. உடனே எழுதினால் கண் பட்டு நின்றுவிடுமோ என்று பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

போன ஆனியில் அது நின்றுபோய், உன் இன்சுலின் கெட்டு, நீ சமையலறையில் மயங்கி விழுந்தாயே, அன்றிலிருந்து அதோடு நான் மல்லுக்கட்டாத நாளில்லை. அடியில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் திரியை மாற்றினேன். புகைக்குழாயில் கரி எடுத்தேன். நீ செய்வதுபோலவே மேலே தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, பெட்டி கோணாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். அடியில் விளக்கு நீலமாகத்தான் எரிந்தது, உள்ளே மட்டும் குளிர் இல்லை. மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதினேன். யுத்தம் முடிந்தும் சாமான் வரவில்லை, பெட்டியைத் திருப்பி அனுப்பினால் பார்த்து ஏதாவது பணம் தருகிறோம் என்றார்கள். அந்தச் சமயத்தில்தான், வைத்தியத்துக்கு உன்னைப் பெங்களூருக்கு அழைத்துப்போன உன் அண்ணன், நீ இனி அங்கேயே இருப்பது நல்லதென்று எழுதினார். நீயே இல்லாத வீட்டில் இந்தச் சனியன் எதற்கு என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

மார்கழிக் கடைசியில் தர்மன் வண்டியில் ஏற்றி அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். அவன் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, சுற்றிலும் வைக்கோல் அடைத்தான். நான் சத்தம் போட்டேன். "நிமித்தி வச்சு, அடியில இருக்குற குழா ஒடைஞ்சா நான் ஜவாப்தாரி இல்லீங்க," என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினான். அந்தக் கல்ரோட்டில் போகும்போதும் தலைகீழ், வரும்போதும் தலைகீழ். ஆமாம், திரும்பி வந்தது. இப்போதைக்குச் சரக்கு ஏற்ற ரயில் வாகன் கிடையாது, பங்குனியில் வா என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

பழைய இடத்திலேயே நிமிர்த்தி வைத்தோம். மறுநாள் ஆண்டாயி வாசல் தெளித்துவிட்டு வந்து, அம்மா இருந்தால் இந்நேரம் பெட்டிக்கு அடியில் விளக்கு எரியும் என்றாள். எனக்கு என்னவோ போலிருந்தது, விளக்கை ஏற்றி, ஒரு சொம்புத் தண்ணீரையும் உள்ளே வைத்தேன். அடுத்த நாள் காலையில் அவள்தான் திறந்தாள். "ஐயா, சொம்புத் தண்ணி கல்லாட்டம் இருக்குதுங்க," என்றாள். உள்ளே அடைத்துக்கொண்டிருந்த எதுவோ குலுக்கலில் விலகியிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் புரிகிறது.

பெட்டி முதன்முதலாக வந்த நாள் நினைவுக்கு வருகிறது. அதை வாங்க ஏரிக்கரை நிலத்தை விற்றதற்காக நீ என்னோடு பேசாமலிருந்தாய். "என் ஒடம்புக்காவ நெலத்த வித்துப்புட்டு, நாளைக்கு என்ன திம்பீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். நெருப்பு வைத்தால் குளிருமாம் என்று தெருவே கேலி பேசியது. மறுநாள் நீ ஒரு ஐஸ் துண்டை என் உள்ளங்கையில் வைத்து, கரையும்வரை கீழே போடக்கூடாதென்று கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். கை மரத்துப்போயிற்று. நீ சிரித்த சிரிப்பில் எனக்கு நிலம் மறந்துபோயிற்று. அன்றைக்கு வந்த சனத்துக்கெல்லாம் நீ பானகம் ஊற்றி மாளவில்லை. வெயில் ஏற ஏற இப்போதெல்லாம் அதே நினைப்பாக இருக்கிறது.

மண்ணெண்ணெய் பற்றிக் கவலைப்படாதே. டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் காட்டி, தாலுகா ஆபீசில் கூடுதல் பர்மிட் வாங்கிவிட்டேன். அதுவும் போதாதுதான். அதனால் கூடத்தில் விளக்கு ஏற்றுவதில்லை, பொழுது சாயுமுன்னே சாப்பிட்டுவிடுகிறேன். இன்னொரு காணியும் விற்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து உனக்காக ஒரு புட்டி மருந்து வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கலங்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றார்.

இனிமேல் நிற்கவே நிற்காது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மறுபடி நின்றால் மறுபடி தலைகீழாக வண்டியில் ஏற்றுவேன். அதற்கும் மசியாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானே அங்கே வந்துவிடுகிறேன். மச்சான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு வெட்கமில்லை. நீ இல்லாமல்தான் இருக்க முடியவில்லை.

உன் உடம்பைக் காப்பாற்றித் தரும்படி நம் மதுரகாளியை வேண்டிக்கொண்டிருக்கிறேன். வருகிறாயா இல்லையா என்பதை மச்சானைக் கொண்டு எழுத வைக்காதே, கமலம். வர மனமில்லை என்றாலும் சரி, அதை உன் கையால் எழுது. நீ போனபிறகு உன் எழுத்தை நான் பார்க்கவே இல்லை.

உன்,
அங்கமுத்து