உன் அப்பாவுக்கு இரண்டு அப்பெண்டிக்ஸ்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பெல்லாம் சௌக்கியமா? இங்கே நானும் தம்பியும் நலம், உன் அப்பாவும் நலம். ஆனால் அவர் எந்த அப்பா என்பதில்தான் போன வாரம் ஆஸ்பத்திரியில் சந்தேகம் வந்துவிட்டது. பதறாதே, முழுதாகப் படி.

செவ்வாய் காலை சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்போடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். உன் வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. வயிற்றை அமுக்கினாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அப்பெண்டிக்ஸா இருக்க வாய்ப்பே இல்லம்மா, அதைத்தான் போன வருஷமே எங்க இன்னொரு ஆஸ்பத்திரியில எடுத்தாச்சே, வாயுவா இருக்கும், வீட்டுக்குப் போங்க என்றாள். எனக்கு வந்ததே கோபம், நாற்பது வருஷமா இந்த வயித்தைப் பார்க்கிறேன், எடுத்த தழும்பு எங்கேன்னு காட்டுங்க என்று சட்டையைத் தூக்கிவிட்டேன். அவளும் குனிந்து குனிந்து தேடினாள், தொப்பையும் மச்சமும்தான் கிடைத்தன. ரத்த வகையும் பி என்று போட்டிருந்தது, இவர் பிறந்ததிலிருந்து ஓ. அதை நம்பி ரத்தம் ஏற்றியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார். அப்புறம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வெடிக்கிற நிலைமை, மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது.

விசாரித்ததில், எவனோ உன் அப்பாவின் பெயரில், அவருடைய காப்பீட்டு அட்டை நம்பரில் படுத்து எழுந்து போயிருக்கிறான். நம்பர் எப்படிப் போச்சு என்று குடைந்தேன். போன வருஷம் காப்பீட்டு ஆபீஸிலிருந்து என்று சொல்லி ஒரு பெண் பேசினாளாம், இவரும் அட்டை நம்பர், பிறந்த தேதி, போனுக்கு வந்த ஓடிபி எல்லாவற்றையும் ஒப்பித்தாராம். ஏன் சொன்னீங்க என்றால், சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்டா, நம்ம பொண்ணு அப்படிக் கேட்டு மாசமாச்சு என்கிறார். இதை நீயே யோசித்துக்கொள், நான் ஒன்றும் சொல்லவில்லை. திருடன்மேல்கூட அவருக்குக் கோபமில்லை, பாவம் அவனுக்கும் வலிச்சிருக்கும்ல என்கிறார். வலிச்சா அவன் பேர்ல வலிக்கட்டுமே என்றேன். போலீஸில் புகார் கொடுத்தாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்காரர்களும் பதிவைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள்.

நீ என்னவோ பெரிய புத்திசாலி என்று நினைக்காதே. புது வேலை கிடைத்ததும் ஆபீஸ் அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் போட்டோ எடுத்து ஊருக்கே காட்டினாயே, முதலில் அதை அழி. எங்கே அட்டை நகல் கொடுத்தாலும் எதற்காக என்று அதன் குறுக்கே எழுதிக் கொடு. ஓடிபியைக் கட்டிக்கப்போகிறவன் கேட்டாலும் சொல்லாதே. அங்கே டாக்டரிடம் போனால் உன் பெயரில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று ஒருதரம் வாங்கிப் படி. நானே புது நம்பரிலிருந்து அழுதுகொண்டு கூப்பிட்டாலும் நம்பாதே, மயக்கம் தெளிந்ததும் அப்பா முதலில் என்ன கேட்டார் என்று கேள். இந்தத் தடவையாவது என்னோடதைத்தான் எடுத்தாங்களா என்று கேட்டார். இது நமக்குள் மட்டும்.

நல்லா இரு, நீயாகவே இரு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டுச் சாப்பிட்டீங்களா என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா (அசல்)