தேயாத பூட்ஸ்

மச்சான்,

இந்தக் கடிதத்தோடு என் பூட்ஸையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீ பெயரை மாற்றிக்கொண்டு செருப்புக் கடை வைத்திருக்கிறாய், கைவேலை சுத்தம் என்று பசங்கள் சொன்னார்கள். சந்தோஷம். வண்டி ஓட்டுவதைவிட உனக்கு அது நல்ல தொழில்.

அடையாளம் தெரிகிறதா? கிடங்குக்குள் போலீஸ் நுழைந்த அன்று நான் போட்டிருந்தது. கடைசி ஆள் ஏறும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்பதுதான் நம் தொழிலில் டிரைவருக்கு இருந்த ஒரே சட்டம். நான் படியில் ஒரு கால் வைத்தபோது நீ வண்டியைக் கிளப்பினாய். விழுந்ததில் முதுகெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு இந்தப் பூட்ஸ் தேயவே இல்லை, தோல்தான் காய்ந்துவிட்டது.

உன் வீட்டுக்காரி நேற்று போன் செய்தாள். "அண்ணே, அவரை விட்டுடுண்ணே. உன் ஆளுங்க யாரும் அவர் மேல கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு" என்று அழுதாள். பண்ணிவிட்டேன். தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை, உனக்கே தெரியும்.

அதனால் பயப்படாதே. தோலுக்கு எண்ணெய் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நீயே கொண்டு வா. வாசலில் ஒருத்தனும் இருக்க மாட்டான். நீ வராவிட்டால் நான்தான் வர வேண்டும். உன் கடைக்குப் படி இல்லை என்று பசங்கள் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பொருந்துகிறதா என்று என்னால் சொல்ல முடியாது, காலில் உணர்ச்சி இல்லை. நீதான் என் முன்னால் மண்டி போட்டு, குனிந்து, மாட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனை வருஷம் சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளி, என் கை மட்டும் இரும்பாகிவிட்டது.

உன் பிள்ளைகளின் தாய்மாமன்