ஒன்பதாம் வரிசை, ஐந்தும் ஆறும்

விண்டர் கார்டன், ஃபுளோரிடா
மார்ச் 4, 1979

அன்புள்ள யூனிஸுக்கு,

இதையெல்லாம் நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கே, உன் வீட்டு மேஜையில், உன் புருஷன் கார்லண்ட் பன்றித் தொடையைக் கோணல்மாணலாக வெட்டிக்கொண்டிருந்தபோதே சொன்னேன். நம் பேஸ்பால் டீமின் பழைய கேட்ச்சர் மெர்ல் டாகர்ட், சீசனுக்கு முந்தின பயிற்சிக்கு இங்கே தொப்பையோடு வந்து இறங்குவான் என்றேன். இறங்கியிருக்கிறான். சின்னவன் டேரல் ஹூப்பர் பந்து எறிந்தால் காற்று கிழியும் என்றேன். கிழிகிறது. மேனேஜர் இரண்டு கேட்ச்சர்களையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிவார் என்றேன். சொறிந்து சொறிந்து தொப்பி தேய்ந்துவிட்டது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இவ்வளவு தெரிகிறது. கல்லூரி வரை போன உனக்குத் தெரியவில்லை.

டாகர்ட் பந்து போடும் பிட்ச்சருக்கு எதிரே, பந்தைப் பிடிக்கக் குந்துவதைப் பார்த்தேன். பழைய சோபாவை மாடியிலிருந்து இறக்குவது போல இருக்கிறது. முட்டி போடும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. நேற்று மேனேஜரே வேலியோரம் வந்து, "எமில், நீங்க இத்தனை வருஷமா பாக்குறீங்க, யாரை வச்சுக்கலாம் சொல்லுங்க" என்று கேட்டார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? ஹூப்பர்தான்" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற வால்ட் சாட்சி. வால்ட் மிச்சிகன்காரன், என் டிரெய்லருக்கு அடுத்த டிரெய்லர்.

பந்தயம் நினைவிருக்கிறதா? மறந்துவிட்டேன் என்று தப்பிக்க முடியாது, மேஜையில் எல்லாரும் கேட்டார்கள். உன் வாயால் நீ சொன்னது இது: "ஃபுளோரிடாவுல டாகர்ட் இருக்கும்போது முதல்ல எவன் பந்தை யாரும் அடிக்காமலே ரெண்டாம் பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடுறானோ, அவனை டாகர்ட் எறிஞ்சு அவுட் பண்ணா ரெண்டு சீட்டும் எனக்கு. பண்ணலன்னா ரெண்டும் உங்களுக்கு. போதுமா?" போதும் என்றேன். "ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்றான் கார்லண்ட். அவன் ஆயுளில் பேஸ்பால் பற்றிச் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

ஒன்பதாம் வரிசை, ஐந்தும் ஆறும். நம் டீமின் மைதானத்தில், பேட்டிங் நடக்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால். சீசன் முழுக்க ஆட்டம் பார்க்க உன் அப்பாவும் நானும் வாங்கியவை. உன் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவுக்குப் போய், வெட்கமில்லாமல் வேறு டீமைப் பிடித்துக்கொண்டார். அவர் சீட்டில் நீ உட்கார்ந்தாய். இனி அதில் என் தொப்பி உட்காரும்.

வெயில் நன்றாக இருக்கிறது. அங்கே பனி கொட்டுவதாகக் கேள்வி.

அன்புடன்,
உன் சித்தப்பா
எமில் வாவ்ரா


லொரெய்ன், ஒஹாயோ
மார்ச் 9, 1979

சித்தப்பாவுக்கு,

மேனேஜர் உங்களிடம் யோசனை கேட்டாராக்கும். போன வருஷம் டீமின் முதலாளி உங்களுக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அதற்கு முந்தின வருஷம் அடித்த பந்து உங்கள் தொப்பியைத் துளைத்துக்கொண்டு போனது. அந்தத் தொப்பியை நான் பார்த்தேன். துளையே இல்லை. ஃபுளோரிடாவிலிருந்து நீங்கள் எழுதுவதில் வெயில் ஒன்றுதான் உண்மை. அதையும் நான் பேப்பரில் சரிபார்த்துக்கொள்கிறேன்.

டாகர்ட் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? போன ஆகஸ்டில் நம் இளம் பிட்ச்சர் நடுங்கிப் போய் நின்றபோது, டாகர்ட் மெதுவாக நடந்து போய் அவன் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தான். அடுத்த மூன்று பேரும் வரிசையாக அவுட். நீங்கள் அப்போது ஹாட் டாக் வாங்கப் போயிருந்தீர்கள். ஹூப்பருக்குக் கை இருக்கிறது, சரி. பந்து எங்கே போகும் என்று பந்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கேட்ச்சர் என்பவன் பீரங்கியா? மற்ற எட்டுப் பேரையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவன்தான். அந்த இடத்தில் தலை இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சீட்டும் எனக்கு வந்ததும் கார்லண்டை ஐந்தாம் எண்ணில், உங்கள் இடத்தில், உட்கார வைக்கப் போகிறேன். அவர் புத்தகம் கொண்டு வருவார். ஏழாவது இன்னிங்ஸில் காரெடுக்க எழுந்து போவார். நீங்கள் மைதானத்தின் அந்தக் கோடியில், வெயிலில், பலகையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஒரே ஒரு தடவை.

யூனிஸ்


விண்டர் கார்டன், ஃபுளோரிடா
மார்ச் 14, 1979

அன்புள்ள யூனிஸுக்கு,

‘அன்புள்ள’வை எங்கே தொலைத்தாய்? பரவாயில்லை, என் பங்கிலிருந்து எடுத்துக்கொள். இன்றைக்கு நான் தாராளமாக இருக்கிறேன். முடிந்தது! நேற்றுக் காலை முடிந்தது!

பெரிய மைதானத்தில் இல்லை, பின்பக்கத்துப் பயிற்சி மைதானத்தில். காலை பத்து மணிக்கு ஆடுவார்களே, அந்த ஆட்டம். ஸ்கோர் போர்டு கிடையாது, பத்திரிகைக்காரன் கிடையாது, பிட்ச்சருக்குக் கை வலித்தால் பாதியில் இன்னிங்ஸை முடித்துக்கொள்வார்கள். "அதெல்லாம் கணக்கில் வராது" என்று நீ குதிப்பாய் என்று தெரியும். நீ சொன்ன வார்த்தை ‘ஃபுளோரிடாவுல’. பின்பக்க மைதானமும் ஃபுளோரிடாவில்தான் இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.

டாகர்ட்தான் கேட்ச்சர். எதிர் டீமில் ஒரு பையன், காலில் சக்கரம் கட்டியவன், முதல் பேஸில் நிற்கிறான். நான் வால்ட்டிடம் சொன்னேன், "இப்ப ஓடுவான் பாரு." சொல்லி வாய் மூடவில்லை, ஓடினான். டாகர்ட் எழுந்தான். எழுந்தான் என்பதே பெரிய வார்த்தை. தவணை முறையில் எழுந்தான். எறிந்தான் பார், யூனிஸ்! இரண்டாம் பேஸைக் காக்கும் ஷார்ட்ஸ்டாப் எம்பினான், தொடவில்லை. பந்து அவன் தலைக்கு மேல், இரண்டாம் பேஸுக்கு மேல், நேராகக் கோடியிலுள்ள சென்டர் ஃபீல்டுக்குப் போய் வேலியில் மோதியது. வேலிமேல் ஒரு நாரை உட்கார்ந்திருந்தது, பயந்து பறந்துவிட்டது. ஓடியவன் மூன்றாம் பேஸைத் தாண்டி ஹோம் பிளேட் வரை வந்து சேர்ந்து தண்ணீரும் குடித்துவிட்டான்.

"பாத்தியா வால்ட்?"

"பாக்காம? என் பேத்தி எறிஞ்சாகூட இதவிட நேராப் போகும்."

"எழுதிக் கொடுப்பியா?"

"எதுக்கு? உன் அண்ணன் மகளுக்கா? அவ ஏற்கெனவே உன்ன நம்பலேன்னு சொன்னியே, என்னையா நம்பப் போறா?"

அதுவும் சரிதான். ஆனால் நான் எங்கள் அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன். இந்த சீசனுக்கான உன் ஆறாம் எண் டிக்கெட் கட்டு இந்நேரம் தபாலில் வந்திருக்கும். என் விலாசத்துக்கு அனுப்பிவிடு. கார்லண்டுக்கு என் அனுதாபம். அவன் புத்தகத்தை வீட்டிலேயே படிக்கட்டும்.

வெற்றியோடும் அன்போடும்,
சித்தப்பா


லொரெய்ன், ஒஹாயோ
மார்ச் 19, 1979

சித்தப்பாவுக்கு,

இத்துடன் என் டிக்கெட் கட்டு இருக்கிறது. முதல் ஆட்டத்திலிருந்து செப்டம்பர் கடைசி ஆட்டம் வரை. ஒன்றையும் கிழித்து வைத்துக்கொள்ளவில்லை.

நாரையை நான் நம்பவில்லை. வால்ட் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். ஆனால் பாட்டி மேல் ஆணையிட்டிருக்கிறீர்கள். இதுவரை எந்தப் பொய்க்கும் நீங்கள் பாட்டியை இழுத்ததில்லை. எல்லார் முன்னாலும் நான் சொன்ன வார்த்தையும் இருக்கிறது. அதனால் அனுப்புகிறேன்.

"விடு, டிவியில பாக்கலாம்" என்கிறார் கார்லண்ட். அவர் சந்தோஷத்தை மறைக்கப் பார்க்கிறார், முடியவில்லை. உங்களுக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார், வாழ்த்துகள்.

ஈஸ்டர் விருந்துக்கு வர வேண்டாம். என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நீங்கள் அந்த எறியை இன்னொரு தடவை சொல்வதை என்னால் கேட்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு பறவை கூடும்.

ஒரே ஒரு கேள்வி. எறிந்த பிறகு டாகர்ட் என்ன செய்தான்? தப்பாக எறிந்தால் முகமூடியைக் கழற்றித் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படி நின்றானா? பந்தயத்துக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

யூனிஸ்


விண்டர் கார்டன், ஃபுளோரிடா
ஏப்ரல் 1, 1979

அன்புள்ள யூனிஸுக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். டாகர்ட்டைக் கழற்றிவிட்டார்கள். ஹூப்பர்தான் இனிக் கேட்ச்சர். டிசம்பரில் சொன்னேனா இல்லையா? உன் மேஜையில் சொன்னேனா இல்லையா? டாகர்ட் தன் பையைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்து போனதைப் பார்த்தேன். "இத்தனை வருஷம் ஆடினீங்க, போதும்" என்று சொல்லலாம் என்று வேலியோரம் போனேன். அவன் எனக்கு முந்திக்கொண்டு, "வெயில் ஜாஸ்தி, தொப்பி போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டிக்கெட் கட்டு வந்து சேர்ந்தது. நன்றி. சண்டைக்காரியாக இருந்தாலும் வாக்கு தவறவில்லை. வாவ்ரா ரத்தம்.

ஈஸ்டருக்கு நான் வரப்போவதில்லை, நீ கூப்பிடாததால் அல்ல. எனக்கே நிறைய அழைப்புகள். வால்ட் கூப்பிட்டிருக்கிறான். வால்ட் என்று ஒருவன் இருக்கிறான், தயவுசெய்து நம்பு.

முதல் ஆட்டத்துக்கு வடக்கே வருகிறேன். நீ என்ன நினைக்கிறாய், ஹூப்பர் எத்தனாவது ஆளாகப் பேட்டிங் இறங்குவான்? நான் ஆறு என்கிறேன். நீ எட்டு என்பாய். எழுது.

அன்புடன்,
சித்தப்பா


லேக்வியூ விடுதி, லொரெய்ன்
ஏப்ரல் 8, 1979

அன்புள்ள யூனிஸுக்கு,

நீ பதில் எழுதவில்லை. நான் உன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறேன், ஆனாலும் தபாலில் அனுப்புகிறேன். கதவைத் தட்டினால் கார்லண்ட் திறப்பான். அவன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை.

நேற்று முதல் ஆட்டம். ஹூப்பர் எட்டாவது ஆளாகத்தான் இறங்கினான். அதையும் நான் உள்ளுக்குள் சொல்லியிருந்தேன்.

ஐந்தில் நான், ஆறில் என் தொப்பி. நல்ல குளிர், தலை விறைத்துவிட்டது, ஆனாலும் தொப்பியை எடுக்கவில்லை. எடுத்தால் சீட்டு காலியாகத் தெரியும். நம் பழைய கடலைக்காரன் படியேறி வந்தான். "எங்க அந்தம்மா? உங்களத் திட்டிக்கிட்டே இருக்குமே?" என்றான். உடம்பு சரியில்லை என்றேன். "பாவம்" என்றான். என்னைத்தான் பாவம் என்றான் என்று நினைக்கிறேன்.

பின் வரிசையில் புதிதாக ஒருத்தன். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "இந்தப் பிட்ச்சருக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது."

"ஆமாங்க."

"இல்ல, நல்லாத்தான் போடுறான்."

"ஆமாங்க, நல்லாத்தான் போடுறான்."

"யோவ், ஒண்ணு சொல்லு."

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

என் ஆயுளில் இவ்வளவு மோசமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அவன் கழுத்தைத் திருகலாமா என்று வந்தது. எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறவனோடு எப்படி பேஸ்பால் பார்ப்பது? நீயாக இருந்தால் முதல் பந்திலேயே, "சித்தப்பா, கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பேசுங்க" என்றிருப்பாய்.

ஏழாவது இன்னிங்ஸில் எதிர் டீம் ஆள் திருட்டு ஓட்டம் ஓடினான். ஹூப்பர் துள்ளி எழுந்தான், நானும் வால்ட்டும் பார்த்துப் பார்த்து வியந்த அந்தக் கையால் எறிந்தான். பந்து ஷார்ட்ஸ்டாப் தலைக்கு மேல், இரண்டாம் பேஸுக்கு மேல், நேராக சென்டர் ஃபீல்டுக்கு. அச்சுப் பிசகாமல், நான் உனக்கு எழுதின அதே எறி. நாரைதான் இல்லை. ஆட்டம் அதிலேயே போயிற்று. என்னையறியாமல் ஆறாம் எண் பக்கம் திரும்பி, "வாயைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டேன். தொப்பி வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னதில் எது தப்பு? ஒன்றுமில்லை. டாகர்ட்டை அனுப்புவார்கள் என்றேன், அனுப்பினார்கள். ஹூப்பர்தான் வருவான் என்றேன், வந்தான். டாகர்ட்டுக்குத் தொப்பை இருந்தது, முட்டி சத்தம் போட்டது, எல்லாம் நிஜம். மேனேஜர் என் பக்கம் பார்த்துத் தலையாட்டினார், அதுவும் ஏறக்குறைய நிஜம். இன்றைக்கும் சொல்கிறேன், கேட்ச்சர் விஷயத்தில் உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. டாகர்ட் இந்த வருஷம் நூறு ஆட்டம் தாங்கியிருக்க மாட்டான்.

இத்துடன் இரண்டு டிக்கெட் கட்டும் வைத்திருக்கிறேன். ஐந்தும் ஆறும். நேற்றைய ஆட்டத்துக்கு ஆறாம் எண்ணை நானே கிழித்துவிட்டேன், அதை மன்னித்துக்கொள். உன் புருஷனை உட்கார வை, புத்தகம் படிக்கட்டும், ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து போகட்டும். நான் அந்தக் கோடியில் பலகையில் இருப்பேன். அங்கிருந்து கத்தினால் உனக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன், நான் கத்துவதில் சோடை போனதில்லை. நீ திரும்பக் கத்த வேண்டியதில்லை.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய், பதில் சொல்லாமல் விட்டேன். எறிந்த பிறகு டாகர்ட் முகமூடியைக் கழற்றவில்லை. தரையையும் பார்க்கவில்லை. பந்து இரண்டாம் பேஸில், கணுக்கால் உயரத்தில், ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்குள் போய் நின்றது, ஓடி வந்தவன் சறுக்கிக்கொண்டே அதில் வந்து விழுந்து அவுட் ஆனான். வால்ட் எழுந்து நின்று கைதட்டினான். டாகர்ட் ஒன்றுமே நடக்காதது போல மற்ற எட்டுப் பேரையும் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, மறுபடியும் அந்தப் பழைய சோபாவைக் கீழே இறக்கினான். இத்தோடு ரெண்டு அவுட் என்று அர்த்தம்.

எமில் சித்தப்பா