சந்தாவுக்கு ஆயிரம் ஓட்டு

மார்ச் 4, செவ்வாய்

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு போய்விட்டது. நேற்று வரை அந்த வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் போட்டது நான். இன்று போனால் மருமகள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். பைக்ல ஒருத்தர் வர்றாரு. டயத்துக்கு வந்துடறாரு." நான் பஸ்ஸை நம்பி, கேட்டை நம்பி, காலை நம்பி வருகிறவள். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்?

அந்த எரிச்சலோடு வந்து நம் ஊர்ப் பேப்பரைப் புரட்டினால், முதல் பக்கத்திலேயே போட்டி. 'நெஞ்சம் கவர்ந்த பெண்மணி'. பெயர் கொடுத்துவிட்டுப் பேப்பருக்குச் சந்தா பிடிக்க வேண்டும். ஒரு வருடச் சந்தாவுக்கு ஆயிரம் ஓட்டு, ஆறு மாதத்துக்கு நானூறு. மாதக் கடைசியில் யாருக்கு ஓட்டு அதிகமோ அவளே நெஞ்சம் கவர்ந்தவள். முதல் பரிசு ஸ்கூட்டர். இரண்டாவது வாஷிங் மெஷின். மூன்றாவது சுவர்க் கடிகாரம்.

இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நெஞ்சம் கவர்ந்த… நீயா?" சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு! சின்னப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளியும், அது உண்மைதான். எனக்கு ஊர் வைத்த பெயரே 'ஊசி'. ஊசியைவிட அவள் வாய்தான் அதிகம் குத்தும் என்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு நெஞ்சம் வேண்டாம், ஸ்கூட்டர் வேண்டும். வண்டி இருந்தால் போன வீடுகளைத் திருப்பிப் பிடித்துவிடுவேன். இல்லாவிட்டால் மிச்ச வீடுகளும் ஒவ்வொன்றாய்ப் போகும்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு வித்தை கண்டுபிடித்திருக்கிறேன். மருந்தை ஏற்றி, ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்புறம் சந்தாப் பேச்சை எடுக்க வேண்டும். கவிழ்ந்து படுத்திருக்கிற ஆள் எதற்கும் சம்மதிப்பான்.

தையல்கடைக்காரர் ஒரு வருடத்துக்கே கட்டிவிட்டார். "மெதுவா போடுவீங்கல்ல?" என்றார். மெதுவாகத்தான் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

திங்கள்தோறும் ஓட்டு நிலவரம் பேப்பரில் வருமாம். இன்று முதல் நிலவரம். நான் இரண்டாவது! முதலில் யார் என்றால், இவர் பில் போடும் டைல்ஸ் கடை முதலாளியின் சம்சாரம். முதலாளியம்மா வீட்டில் கார் நிற்கிறது, காருக்கு டிரைவர் நிற்கிறார். அவர் ஸ்கூட்டரை வைத்து என்ன செய்யப்போகிறார், ஷோகேஸிலா வைப்பார்?

"முதலாளிதான் ஆசைப்பட்டு நிறுத்தியிருக்காரு" என்றார் இவர். ஆசைப்பட்டால் பொண்டாட்டியோடு நாலு வார்த்தை பேசலாமே. ஓட்டு வாங்கித் தருவது என்ன ஆசை?

மார்ச் 12, புதன்

கணக்கு வாத்தியார் இரண்டு வருடச் சந்தா கொடுத்தார். காலில் ஆறாத புண், நான்தான் தினமும் கட்டு மாற்றுகிறேன். ரிடயர் ஆகியும் குரல் இன்னும் வகுப்பறைக் குரல்தான். "நீ வாங்கற ஓட்டுல என் ஓட்டு ரெண்டாயிரம். ஞாபகம் வச்சுக்கோ" என்று மிரட்டினார்.

சந்தா ரசீதோடு ஓட்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்து, சந்தா கட்டியவரிடம் கையெழுத்து வாங்கி, போட்டியாளர் பெயரை எழுதிப் பேப்பர் ஆபீஸ் பெட்டியில் போட வேண்டும். நான் வேலை முடித்து வருவதற்குள் ஆபீஸைப் பூட்டிவிடுகிறார்கள். டைல்ஸ் கடை அதற்குப் பக்கத்துக் கட்டடம். அதனால் போடும் வேலை இவருடையது. என் கையெழுத்துதான் கோழி கிளறியது போல் இருக்குமே, கையெழுத்தை மட்டும் வாங்கிவிட்டுப் பெயர் இருக்கும் இடத்தைக் காலியாகவே விட்டு இவரிடம் கொடுத்துவிடுகிறேன். இவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

போன வாரம் எத்தனை ஓட்டோ இந்த வாரமும் அத்தனையே. ஒன்றுகூட ஏறவில்லை. தெருத்தெருவாக நாயாய் அலைந்தேனே, அதெல்லாம் எங்கே? வாத்தியாரின் இரண்டாயிரம் எங்கே? முதலாளியம்மாவுக்கு மட்டும் கிடுகிடுவென்று ஏறியிருக்கிறது.

"லேட்டா எண்ணுவாங்களோ என்னமோ" என்கிறார் இவர், குனிந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டபடி. இந்த மனுஷனுக்கு எதற்குமே கோபம் வராதா? வாயில்லாப் பூச்சியைக் கட்டிக்கொண்டு அவர் பங்குக்கும் நானே கத்த வேண்டியிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மாடி வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் தையல் பிரித்தேன். வலியோடு எழுந்து போய், பீரோவைத் திறந்து, தனக்கும் மகளுக்குமாக இரண்டு சந்தா கட்டினார். நான் கேட்கவே இல்லை. "உனக்கில்லாம யாருக்கு" என்றார். பேப்பர்காரன் தூக்கியெறிந்தால் மாடிக்கு எட்டுமா என்று கேட்டு வைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

இன்னும் அதே எண். போட்டோ ஸ்டுடியோக்காரி என்னைத் தாண்டிவிட்டாள். நான் மூன்றாவது.

கொள்ளை. பட்டப்பகல் கொள்ளை. பணக்காரன் விளம்பரம் கொடுக்கிறான், பேப்பர் அவன் சம்சாரத்துக்கு ஓட்டை அள்ளிப் போடுகிறது. நாளைக்கு லீவு போடப் போகிறேன். ஆபீஸுக்கே போய் நாலு பேருக்கு முன்னால் கேட்காவிட்டால் என் பெயர் ஊசி இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

போனேன். கேட்டேன்.

எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சந்தாப் பிரிவில் தடிக் கண்ணாடி போட்ட ஒருவர். வரி விளம்பரம் கொடுக்க வந்த கூட்டம் வேறு நின்றது. நான் ஆரம்பித்தேன். திருட்டுப் பேப்பர் என்றேன், பல்லிளிக்கிற பேப்பர் என்றேன், நீங்களெல்லாம் மனுஷர்களா என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, உங்க வீட்டுக்காரர்தானே பக்கத்துக் கடையில பில் போடறாரு? அவரேதான் வந்து போடறாரு. எல்லாச் சீட்டும் முதலாளியம்மா பேருக்கு. நீங்க நடுவுல விலகிட்டீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. மூக்கறுபட்டது மட்டும் தெரிகிறது.

நேராக டைல்ஸ் கடைக்குப் போயிருப்பேன். போகவில்லை. ஏன் போகவில்லை? இப்போதும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே சொன்னார். "முதலாளி கூப்பிட்டுச் சொன்னாரு. ஓட்டுப் பிரிஞ்சா ஸ்டுடியோக்காரி தட்டிட்டுப் போயிடுவா, எல்லாத்தையும் இந்தப் பக்கம் போடு, என் சம்சாரத்துக்குத்தான் கார் இருக்கே, ஜெயிச்சதும் வண்டிய உன் வீட்டுக்கே அனுப்பிடறேன்னாரு. நீ எப்படியும் ஜெயிக்க மாட்டேன்னு… வண்டி வாசல்ல வந்து நின்னப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நீ எப்படியும் ஜெயிக்க மாட்டே!

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனுஷன் பொண்டாட்டி தேங்காயை எடுத்து முதலாளி காலடியில் உடைத்திருக்கிறார். அதிலும் கெட்டிக்காரத்தனமாக உடைத்ததாக நினைப்பு! அந்த வீடுகளில் என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். தையல் பிரித்த வலியோடு எழுந்து வந்து போட்டார்கள். அத்தனை பேரையும் ஒரு 'சரிங்க முதலாளி'க்கு விற்றுவிட்டு, ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீங்களே, எப்படி மனசு வந்துச்சு? எப்படி வந்துச்சு?

கேட்டேன். "இல்லைன்னு சொல்ல வரலை" என்றார். எனக்கு மட்டும் இவரிடம் எத்தனை முறை 'இல்லை' கேட்கக் கிடைத்திருக்கிறது.

மார்ச் 26, புதன்

பேசவில்லை.

மார்ச் 29, சனி

இன்றோடு போட்டி முடிகிறது. மிச்சமிருந்த சீட்டுகளில் கோழிக் கிறுக்கலிலேயே என் பெயரை நானே எழுதி, மதிய நேரத்தில் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

முதலாளியம்மா படம் முதல் பக்கத்தில். கழுத்தில் மாலை, பக்கத்தில் ஸ்கூட்டர். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. நெஞ்சம் கவர்ந்தவர் என்று பெரிய எழுத்தில். எனக்குக் கடிகாரம்.

ஏப்ரல் 3, வியாழன்

அந்த ஸ்கூட்டரை இன்று பார்த்தேன். முதலாளியின் மச்சினன் ஓட்டிக்கொண்டு போனான். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். தள்ளி நில்லும்மா என்பது போல ஹாரன் அடித்தான்.

வீட்டுக்கு வந்தால் இவர் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். முதலாளியிடம் கேட்டாராம். ஆமாம், கேட்டாராம்! "அட, ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்யா, அதைப் போய் மனசுல வச்சுக்கிட்டு இருக்கியா" என்று சொல்லிச் சிரித்தாராம் முதலாளி. கடையில் மற்றவர்களும் சிரித்தார்களாம்.

நன்றாக வேண்டும் என்று இருந்தது. நன்றாக வேண்டும், நன்றாக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். அந்த முதலாளியின் தலையில் ஒரு பாத்திரத்தைப் போட்டால் என்ன என்றும் தோன்றியது. இவரைப் பார்த்துச் சிரிக்க அவன் யார்? சிரிப்பதானால் நான் சிரிக்க வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

பிடித்தது வினை. பேப்பரில் வந்த எண்களைக் கணக்கு வாத்தியார் கூட்டிப் பார்த்திருக்கிறார். கட்டு மாற்றக் காலை நீட்டினவர் மறுபடி இழுத்துக்கொண்டார். "என் தெருவுல மட்டும் உனக்கு யார் யார் கட்டினாங்கன்னு எனக்குத் தெரியும். அதுவே நீ வாங்கினதா அவன் போட்டிருக்கறதைவிட ஜாஸ்தி. மிச்சம் எங்கே?"

தையல்கடையில் அதைவிட மோசம். அவர் நேராகக் கேட்கவில்லை. அவர் சம்சாரம் கேட்டாள், துணி மடித்தபடி: "முதலாளியம்மாகிட்ட காசு வாங்கிட்டு எங்க ஓட்ட வித்துட்டீங்கன்னு பேசிக்கறாங்களே, அப்படியா சிஸ்டர்?"

விற்றேனாம். நான்!

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். என் வீட்டுக்காரர்தான் செய்தார் என்று சொன்னால் என் பெயர் தப்பிக்கும். நாளைக்கு அந்தத் தெருவில் இவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கடையில் சிரித்தது போதாதென்று தெருவும் சிரிக்கும். வாய் வரை வந்தது. என்ன ஆயிற்றோ எனக்கு, "நான்தான் கவனமில்லாம பேர் எழுதாம குடுத்துட்டேன், மாறிப்போச்சு" என்றேன். வாத்தியாரிடமும் அதேதான். மாடி வீட்டிலும் அதேதான்.

யாரும் நம்பவில்லை. தையல்காரர் இனி ஆஸ்பத்திரிக்கே போய்ப் போட்டுக்கொள்வாராம். சொல்லாமல் சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஊரில் எல்லாரையும் வெட்டென்று பேசுகிற வாய், பேச வேண்டிய இடத்தில் இந்த மனுஷனுக்காகப் பொய் சொல்லிவிட்டு வருகிறது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

இவரிடம் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை 'டொக்'கென்று வைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவர் இரண்டு நாளாக லேட்டாக வருகிறார். ஸ்டாக் எடுக்கிறார்களாம். எடுக்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

இன்று வாத்தியார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போனதும் காலைத் தானே நீட்டினார். நான் கட்டைப் பிரித்து முடித்தேன். பிறகு, "எதுக்கும்மா பொய் சொன்னே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். முந்தாநேத்து சாயங்காலம். நீ ஓட்டை வித்துட்டேன்னு ஊர் பேசறது அவர் காதுலயும் விழுந்திருக்கு. இதோ இந்தப் படியில நின்னு, ஓட்டை மாத்திப் போட்டது நான்தான், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னார். உள்ள வந்து உக்காருங்கன்னேன், இல்லைன்னுட்டார். இன்னும் நிறைய வீடு பாக்கி இருக்காம்."

தையல்கடை வழியாக வந்தேன். அவர் தானாகவே வெளியே வந்து, நாளைக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அங்கேயும் போயிருக்கிறார். மாடி வீட்டுக்கும் ஏறியிருக்கிறார். மாடி வீட்டம்மா கொஞ்சம் திட்டினாராம், கேட்டுக்கொண்டு நின்றாராம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறார். அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று இவருக்கு இதுவரை தெரியாது.

முதலாளியிடம் 'இல்லை' என்று சொல்ல வாய் வராத மனுஷன். வீடு வீடாகப் போய், முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று, எப்படிச் சொல்லியிருப்பார்? முதலில் எந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அழுகையும் வந்தது. கோபம் போயிற்றா என்றால் போகவில்லை.

வீட்டில் இவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போடும் அந்த இறுக்கமான ஷூவோடே எல்லாத் தெருவும் நடந்திருக்கிறார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் காலைச் சட்டென்று கீழே வைத்துக்கொண்டார்.

என் பையைத் திறந்து பஞ்சை எடுத்தேன். எதிரே உட்கார்ந்து ஒரு காலை இழுத்து மடியில் வைத்து, ஸ்பிரிட்டைத் தொட்டு அழுத்தித் துடைத்தேன். 'ஸ்ஸ்' என்று துள்ளினார்.

"எரியும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?" என்றேன்.

துடைத்த காலைக் கீழே இறக்கினார். அப்புறம் இன்னொரு காலையும் நீட்டினார்.